இரண்டு 5.10

ஞாயிறு விடியற்காலை. சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்தில் நான்கு பெட்டிகள், தூங்கி வழியும் இரண்டு பிள்ளைகளோடு நிற்கிறேன். சொல்லிவைத்த மேக்ஸி கேப்பை, அதான் பெரிய டாக்சியை, காணோம். போன் போட்டால், "அக்கா, நேத்தே வந்து ஒரு மணி நேரம் நின்னோமே, நீங்கதான் வரலை" என்கிறார் அந்தத் தம்பி.

நேற்றா? நேற்று நான் எந்த நாட்டு வானத்தில் இருந்தேன் என்று எனக்கே தெரியாது!

நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில் வெள்ளிக்கிழமை இரவு 10.30க்கு ஏறினோம். சிங்கப்பூருக்கு 15,300 கிலோமீட்டர் சொச்சம், எங்கும் நிற்காமல் 18 மணி 40 நிமிடம். தம்பி வெள்ளி இரவோடு அதைக் கூட்டியிருக்கிறார்; சனி மாலை 5.10 வந்திருக்கிறது. நான் அனுப்பிய டிக்கெட்டிலும் 5.10 என்றே இருக்க, தேதியைப் பார்க்கவே இல்லை. கோடையில் இரண்டு ஊருக்கும் சரியாக 12 மணி நேரம் வித்தியாசம். முள் கடிகாரத்தைத் திருகவே வேண்டாம், ராத்திரி பகலாகிவிடும், அவ்வளவுதான். குளிர்காலமாக இருந்தால் 13 மணி நேரம், 6.10 என்று டிக்கெட் காட்டியிருக்கும், தம்பியும் கொஞ்சம் முழித்திருப்பார். அவர் வண்டி சனி மாலை வந்து நின்றபோது எனக்கு இன்னும் அரை நாள் பறக்க வேண்டியிருந்தது.

"கணக்கு சரிதானே லா" என்றார். கணக்கு சரிதான், தம்பி. கிழமைதான் தப்பு.

குடிநுழைவுச் சோதனையில் நின்றதாகவே நினைவில்லை. கென்னடியில் போய் இறங்கும்போது நிற்கும் வரிசையை நினைத்தால், அதற்கே சாங்கிக்கு ஒரு கும்பிடு. ஆனால் வாசலுக்கு வந்ததும் பழைய ஞாபகம். ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி ஏறி வந்த காலத்தில், எத்தனை மணி நேரம் தாமதமானாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா நிற்பார். 2004ல் நியூயார்க்குக்குப் பக்கத்து நுவர்க்கிலிருந்து நேர் விமானம் விட்டு, 2013ல் நிறுத்தி, 2018ல் மறுபடி விட்டார்கள். பயணம் குறைந்தது, அப்பா இல்லை.

சரி, டாக்சி வரிசைக்குப் போனேன். மணி 5.40. 5.59 வரை மீட்டருக்கு மேல் ஐம்பது விழுக்காடு நள்ளிரவுக் கட்டணம். நியூஜெர்சி வீட்டுக்கு நூறு டாலருக்கு மேல் கொடுத்து, டிப்ஸும் வைக்கிற கை இது. ஊர் மண்ணை மிதித்ததும் இருபது நிமிடத்துக்காகக் கணக்குப் பார்க்கிறது. பிள்ளைகளை உட்காரவைத்து ஒரு கோப்பி வாங்கிக் குடித்துவிட்டு, ஆறு அடித்த பிறகே ஏறினேன். பெட்டி கொள்ளாமல் இரண்டு டாக்சி பிடிக்க வேண்டியதாயிற்று என்பது வேறு கதை. மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போயிற்று.

ஈசூனில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கதவைத் திறந்ததுமே அம்மா சொன்னது, சனி மாலையே 40 சிங்கப்பூர் வெள்ளியை போன் வழியே பணம் அனுப்பும் பேநவ்வில் அனுப்பியாயிற்றாம். வண்டிக்காரர் காத்திருந்த காசு. "நீ போனை எடுக்கலை, பாவம் அந்தப் பையன் நிக்கிறான்னான், வேற என்ன செய்ய?"

மேசையில் இடியாப்ப உப்புமா. சனி ராத்திரி எங்களுக்காக அவித்த இடியாப்பம்.