பாதியில் கிளம்பும் விருந்தாளிக்கு ஜிபேயில் பணம் போடாதீர்கள்

கொடைக்கானல், ஊட்டி, ஏற்காடு பக்கம் வீட்டை நாள் வாடகைக்கு விடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். எனக்கு 27,000 ரூபாய் போயிற்று. ஒரே ஆள், ஒரே புக்கிங்.

எங்கள் வீடு பள்ளங்கி போகிற வழியில் இருக்கிறது. இரண்டு படுக்கையறை, வாசலில் ஒரு பேரிக்காய் மரம். நான் இருப்பது கீழே வத்தலக்குண்டில். மேலே ஓர் அண்ணன் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். 2025 மே 14, புதன்கிழமை ஒரு குடும்பம் ஆப் வழியாக ஐந்து ராத்திரிக்கு புக் செய்து வந்தது. ராத்திரிக்கு 4,500, மொத்தம் 22,500. அவர்கள் வந்த மறுநாள் பணம் என் கணக்குக்கு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு போன். "அக்கா, அம்மாவை ஐசியுல சேர்த்திருக்காங்க, உடனே கிளம்பணும்." குரல் கம்மியிருந்தது. "முதல்ல கிளம்புங்க தம்பி, மலை இறங்குறப்ப பாத்து ஓட்டுங்க" என்றேன். பணப் பேச்சை எடுத்தது அவர்தான். "மீதி மூணு நாள் காசு கிடைச்சா ஆஸ்பத்திரிக்கு ஆகும்க்கா. ஆப்ல போட்டா வர ஒரு வாரம் ஆகும். நீங்க ஜிபே பண்ணிடுங்க, ஆப்ல நான் அப்புறம் கேன்சல் போட்டுக்கிறேன்." சரி என்றேன். அவருடைய ஜிபே லிமிட் முடிந்துவிட்டதாம், மச்சான் நம்பரைக் கொடுத்தார். 13,500 ரூபாயை நானே பின் நம்பர் போட்டு அனுப்பினேன். என் அம்மாவும் ஒரு காலத்தில் ஐசியுவில் கிடந்தவர். அந்த நேரத்தில் கணக்குப் பார்க்கத் தோன்றவில்லை.

அவர் கேன்சல் போடவே இல்லை. அதனால் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் காலண்டரில் பூட்டியே கிடந்தன. மே மாத வாரக் கடைசி என்றால் எங்களுக்கு வருஷத்துச் சம்பாத்தியமே அதில்தான். மதுரையிலிருந்து கேட்ட ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்பினேன். சரி, கடைசி நேரத்தில் யாராவது மேலே வந்து வீடு தேடுவார்கள் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை. உயர் நீதிமன்ற உத்தரவால், மலைக்கு வண்டியில் வர இ-பாஸ் வாங்க வேண்டும் என்பது 2024 மே 7 முதலே இருக்கிறது. 2025 சீசனுக்கு, கொடைக்கானலில் சாதாரண நாளில் 4,000 வண்டி, வாரக் கடைசியில் 6,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்துவிட்டார்கள். முன்னைப் போல ராத்திரி நினைத்து விடிகாலையில் கார் எடுத்து வருகிற கூட்டம் குறைந்துவிட்டது.

அதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன். திங்கட்கிழமை ஆப்பிலிருந்து செய்தி: 'வெந்நீர் வரவில்லை, அதனால் விருந்தினர் பாதியில் வெளியேற வேண்டியதாயிற்று.' கூடவே ஒரு போட்டோ, விளக்கு எரியாத கீசர். அந்த போட்டோவின் கதை எனக்குத் தெரியும். வியாழன் சாயங்காலம் ஒரு மணி நேரம் கரண்ட் இல்லை. அண்ணன் பின்கட்டில் விறகு மூட்டி, அண்டாவில் தண்ணீர் சுடவைத்து, இரண்டு பக்கெட் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். "விறகடுப்பு வெந்நீர் வாசமே தனிண்ணே" என்று அந்தத் தம்பி சொன்னாராம். வாசம் பிடித்துக்கொண்டே போட்டோவும் எடுத்திருக்கிறார்.

ஆப்காரர்கள் என்னிடம் ஆதாரம் கேட்டார்கள். என்னிடம் என்ன இருக்கிறது? பேசியது எல்லாம் போனில். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினேன். அதில் இருப்பது மச்சான் பேர், யாரோ ஒருத்தர். ஆப்புக்கு வெளியே நடந்த கொடுக்கல் வாங்கலை எங்களால் கணக்கில் எடுக்க முடியாது என்று பதில் வந்தது. அந்த மூன்று நாள் காசை அவருக்குத் திருப்பிக் கொடுக்க, அடுத்து வந்த விருந்தாளியின் வாடகையிலிருந்து இன்னொரு 13,500 பிடித்துக்கொண்டார்கள். வந்தது 22,500, போனது 27,000. அவர் இரண்டு நாள் தங்கியதற்கு நான் 4,500 ரூபாய் கொடுத்திருக்கிறேன், ஆப் கமிஷன் தனி. சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கு போன் போடலாமா என்று யோசித்தேன். ஆனால் அவர் கேட்ட உடனே கொடுத்தது நானே, பின் நம்பர் போட்டதும் நானே. என்னவென்று புகார் சொல்வது?

அம்மா ஐசியுவில் இருந்தாரா என்பது எனக்குத் தெரியாது. சனிக்கிழமை பூம்பாறை ரோட்டில் அதே காரைப் பார்த்ததாக அண்ணன் சத்தியம் செய்கிறார். பின் கண்ணாடியில் ஒட்டியிருந்த பொம்மை வரைக்கும் சொல்கிறார். நான் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை.

இப்போது நான் செய்வது இதுதான். யார் பாதியில் கிளம்புகிறேன் என்றாலும், "ஆப்பில் தேதியை மாற்றச் சொல்லி ரிக்வெஸ்ட் அனுப்புங்கள், அடுத்த நிமிஷம் ஓகே கொடுக்கிறேன்" என்கிறேன். ஓகே கொடுத்ததும் காலண்டர் திறந்துகொள்கிறது, திருப்ப வேண்டிய தொகையை ஆப்பே கணக்குப் போட்டு, கட்டியவருக்கே அனுப்பிவிடுகிறது. காரணத்தையும் ஆப் சாட்டிலேயே ஒரு வரி எழுதச் சொல்கிறேன். போனில் பேசினால், பேசியதைச் சுருக்கி நானே சாட்டில் போட்டுவிடுகிறேன். 'நீங்களே உங்க பக்கம் கேன்சல் பண்ணிடுங்க' என்று கெஞ்சுகிறவர்களும் உண்டு. அதைத் தொடவே தொடாதீர்கள். ரத்து நம் தலையில் விழுந்தால் அவருக்குப் பணம் போவதோடு நமக்கு அபராதமும் வரும். காரணம் நம்பும்படி இல்லையென்றால், "அந்த நாளுக்கு வேறு ஆள் வந்தால் உங்கள் பணம் திரும்ப வரும்" என்று சொல்லுங்கள். அது நியாயமான பேச்சுதான்.

ஆகஸ்டில் ஒரு வயதான தம்பதி, ஊரில் சாவு என்று இரண்டாம் நாளே கிளம்பினார்கள். ஐயாவுக்கு ஆப் பழக்கமில்லை. மகளுக்கு போன் போட்டு, எந்தப் பட்டன் என்று சொல்லிக்கொடுத்து, ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. காரில் ஏறும் முன்னாலேயே பணம் திரும்ப வருகிறது என்ற செய்தி மகளுக்குப் போய்விட்டது.

கீசரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அது என் தப்புதான். கரண்ட் போனால் வெந்நீருக்கு என்ன வழி என்று விளம்பரத்தில் நான் எழுதவே இல்லை. இப்போது எழுதிவிட்டேன், விறகடுப்பு போட்டோவோடு.

அந்தத் தம்பி போட்ட ரிவ்யூ இன்னமும் என் பக்கத்தில் இருக்கிறது. மூன்று ஸ்டார். 'ஓனர் அக்கா தங்கமான மனசு. வெந்நீர் மட்டும் வரலை.'