எத்தனால் மீது பழி, பில் நம் மீது: இன்ஜெக்டரை மாற்றச் சொன்னால் முதலில் பெட்ரோலைப் பார்க்கச் சொல்லுங்கள்

கார் திணறுகிறது என்று பணிமனைக்குப் போனால், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே "எல்லாம் எத்தனால் செய்த வேலை சார்" என்று சொல்லிவிடுகிறார்கள். பெட்ரோலில் கலந்து விற்கும் ஆல்கஹால்தான் எத்தனால். அந்த ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டு பியூயல் பம்ப், இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்கள், ரப்பர் ஹோஸ்கள், கூடவே 'எத்தனால் பாதுகாப்பு' என்று ஒரு பாட்டில் திரவம், இத்தனையையும் என் தலையில் கட்டினார்கள். பழுது இவற்றில் எதிலும் இல்லை. இதே பேச்சு உங்களிடமும் வரக்கூடும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

தொடர்மழை ஓய்ந்த சமயம். வழக்கமாகப் போகாத ஒரு பங்க்கில் டேங்கை நிரப்பினேன். மறுநாள் காலை வண்டி ஸ்டார்ட் ஆனது, ஆனால் நின்ற இடத்திலேயே உதறியது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இழுவை இல்லை. இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. சிக்னலில் இரண்டொரு முறை அணைந்தே போனது. பணிமனையில் விடும்போது, பெட்ரோல் போட்ட பிறகுதான் இப்படி ஆகிறது என்பதை வேலை விவரச் சீட்டான ஜாப் கார்டிலேயே எழுதச் சொன்னேன். எழுதினார்கள். பெட்ரோலை மட்டும் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

பிற்பகலில் அழைப்பு வந்தது. "ஸ்கேன் செய்துவிட்டோம் சார். கலவையில் பெட்ரோல் குறைகிறது என்று காட்டுகிறது. எத்தனால் இன்ஜெக்டரை அரித்துவிட்டது, பம்ப்பும் போய்விட்டது. புதிதாகப் போட்டுவிட்டோம், சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்." மதிப்பீடு தரவில்லை, சம்மதம் கேட்கவில்லை. பணம் கட்டினால்தான் சாவி. வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை தாண்டுவதற்குள் அதே உதறல்.

திரும்பிப் போனபோது, இன்ஜின் புதிய உதிரிப்பாகங்களுக்குப் பழகக் கொஞ்ச நாள் ஆகும் என்றார்கள். ஏற்க மறுத்ததும், ஹெட்டைக் கழற்றி வால்வுகளைப் பார்க்க வேண்டும் என்றார் மேற்பார்வையாளர். அந்த இடத்தில் நிறுத்தினேன். கழற்றிய பழைய பாகங்களைக் கொடுங்கள் என்றேன். முதலில் ஸ்கிராப்புக்குப் போய்விட்டது என்றார்கள். நான் நகரவில்லை என்று கண்டதும் ஒரு பிளாஸ்டிக் பை வெளியே வந்தது.

அந்தப் பையிலிருந்த இன்ஜெக்டர்களின் ஓ-ரிங்குகளை, அதாவது கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களை, அங்கேயே விரலிடுக்கில் வைத்து அழுத்திப் பார்த்தேன். எத்தனாலால் கெட்ட ரப்பர் ஊதியிருக்கும், அல்லது பிசுபிசுத்திருக்கும், அல்லது காய்ந்து வெடிப்பு விட்டிருக்கும். இவை அழுத்தினால் அமுங்கி, விட்டால் உடனே வட்டமாக எழுந்தன. மேற்பரப்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஹோஸை வளைத்துப் பார்த்தேன். வெளிப்புறமும் வெட்டிய முனையும் புதிதுபோல் இருந்தன. அரித்துவிட்டது என்று சொன்னவர் அதைக் கையில் எடுத்துப் பார்க்கக்கூட இல்லை.

பிறகு வண்டியைக் கட்டி இழுத்து வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். வயதில் மூத்தவர். நடந்ததைக் கேட்டவர் ஸ்பானரைத் தொடவில்லை. "முதலில் டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுப்போம் தம்பி" என்றார். நிறமற்ற கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசையாமல் வைத்தார். சிறிது நேரத்தில் நடுவே ஒரு கோடு தெளிவாகத் தெரிந்தது. மேலே இளமஞ்சளாக பெட்ரோல். கீழே இரண்டு விரல் உயரத்துக்கு லேசாகக் கலங்கிய வேறொரு திரவம். அவர் பேனா மையில் ஒரு சொட்டு விட்டார். மை பெட்ரோலில் கரையாமல் உருண்டையாகவே இறங்கி, கோட்டைத் தொட்டதும் கீழ்ப்பகுதி முழுவதும் நீலமாகப் பரவியது. மேல்பகுதியில் நீலத்தின் சாயல்கூட இல்லை. என் இன்ஜின் அதுவரை குடித்துக்கொண்டிருந்தது அந்தக் கீழ்ப்பகுதியைத்தான்.

எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், சாதாரண வெப்பநிலையில், கன அளவில் சுமார் 0.5 சதவீதம் தண்ணீரைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். 40 லிட்டருக்கு அது ஏறத்தாழ 200 மில்லிலிட்டர். 20 சதவீதக் கலவை இன்னும் அதிகமாகத் தாங்கும். அந்த அளவு வரை தண்ணீர் பெட்ரோலோடு சேர்ந்து போய்விடும், ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. எல்லை தாண்டினால், அல்லது குளிர் கூடி அந்த எல்லையே கீழே இறங்கினால், தண்ணீர் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். மேலே மிஞ்சும் பெட்ரோலும் எத்தனாலை இழப்பதால், அதன் ஆக்டேன், அதாவது இன்ஜினில் தட்டல் இல்லாமல் எரியும் தன்மை, குறைந்துவிடுகிறது. பங்க்கின் நிலத்தடித் தொட்டியில் மழைநீர் இறங்கினால் இதுதான் நடக்கும். இன்ஜெக்டரைப் புதிதாகப் போட்டாலும் அது தண்ணீரைத்தானே பீய்ச்சும்?

பாட்டிலில் விற்கும் திரவத்தை ஊற்றிப் பிரிந்ததை மீண்டும் ஒன்றாக்கிவிடலாம் என்று நம்ப முடியாது. முழுவதையும் வெளியேற்ற வேண்டும். அவர் டேங்கைக் காலி செய்து, துடைத்து, பியூயல் பில்டரை மாற்றி, லைனில் தங்கியிருந்ததையும் வெளியேற்றினார். நல்ல பெட்ரோல் ஊற்றியதும் வண்டி பழையபடி ஓடியது. இன்றுவரை உதறல் இல்லை.

இதைப் படித்துவிட்டு எத்தனால் எந்தப் பாகத்துக்கும் தீங்கு செய்யாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்படிச் சொல்வதும் ஏமாற்றுதான். இயற்கை ரப்பர், கார்க் கேஸ்கெட், சிலவகை பாலியூரித்தேன், பழைய ரெசினில் செய்த பைபர்கிளாஸ் டேங்க் ஆகியவை எத்தனாலில் ஊறி இளகும் அல்லது வெடிக்கும். துத்தநாகம், அலுமினியம், பித்தளை பாகங்களை, தண்ணீரும் சேர்ந்துகொண்டால், அரிக்கும். கார்புரேட்டர் வண்டிகளில் இது உண்மையான கவலை. கலவையைத் தானே சரிசெய்துகொள்ள அவற்றில் சென்சார் கிடையாது, ஆகவே இன்ஜின் மெலிந்த கலவையில் (காற்று அதிகம், எரிபொருள் குறைவு) சூடேறி ஓடும். பழைய டேங்கில் பல ஆண்டுகளாகப் படிந்த பிசினையும் துருவையும் எத்தனால் இளக்கிக் கிளப்பிவிடுவதால், புதிய கலவைக்கு மாறியதும் பில்டர் அடைபடுவதும் உண்டு. மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைக்கும் வண்டிக்கு ஆபத்து கூடுதல். பிரிட்டனில் 2021 செப்டம்பரில் சாதாரண பெட்ரோலை 10 சதவீதக் கலவைக்கு மாற்றியபோதும், பழைய வண்டிகளுக்காக 5 சதவீதக் கலவையை உயர்ரக பெட்ரோலில் தொடர்ந்து விற்றார்கள். காரணமில்லாமல் அல்ல.

ஆனால் எத்தனாலைத் தாங்கும் செயற்கை ரப்பரான புளோரோஎலாஸ்டோமர் வகை சீல்களும், அதற்கேற்ற பூச்சு கொண்ட உலோகங்களும் போட்டு, குறிப்பிட்ட கலவைக்கென்றே தயாரித்த வண்டியில் அந்தக் கலவையை ஊற்றினால் இன்ஜெக்டர் திடீரென்று ஒரே இரவில் அரிபடாது. பிரேசிலில் 1970களிலிருந்தே எத்தனாலில் கார்கள் ஓடுகின்றன. அங்கே சாதாரண பெட்ரோலிலேயே கால் பங்குக்கு மேல் எத்தனால் உண்டு. ரப்பரின் கேடு மெதுவாக வரும்: முதலில் பெட்ரோல் வாடை, பிறகு ஈரக் கசிவு, பிறகு சொட்டு. நேற்று நன்றாக ஓடிய வண்டி, பெட்ரோல் போட்ட மறுநாள் படுத்துவிட்டால், உதிரிப்பாகத்துக்கு முன் பெட்ரோலைச் சந்தேகிப்பதே முறை.

ஸ்கேன் கருவியைக் காட்டிப் பயமுறுத்துவதற்கும் ஒரு பதில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில், ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். அதனால் 20 சதவீதக் கலவையில் இன்ஜினின் கம்ப்யூட்டர் சுமார் 8 சதவீதம் கூடுதலாக எரிபொருள் விடும். ஆக்சிஜன் சென்சார் சொல்லித் தானாக நடக்கும் திருத்தம் இது. பிழைக் குறியீடு விழ வேண்டுமென்றால் திருத்தம் பொதுவாக அதைவிட வெகுவாகக் கூட வேண்டும். ஆகவே அந்தக் குறியீடு ஒன்றே எத்தனாலுக்கு எதிரான சாட்சி ஆகாது. தண்ணீர், காற்றுக் கசிவு, அடைபட்ட பில்டர் எதுவாகவும் இருக்கலாம். மைலேஜ் குறைவதும் அப்படித்தான். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கே உண்டு. 10 சதவீதக் கலவையில் சுமார் 3 சதவீதமும், 20 சதவீதத்தில் 6, 7 சதவீதமும் குறையும். அது நமக்கு நட்டம்தான், சந்தேகமில்லை. ஆனால் பாகம் கெட்டதற்கு அடையாளம் அல்ல.

உங்களிடமும் எத்தனால் பேச்சு வந்தால் டேங்கின் அடியிலிருந்து எடுத்த பெட்ரோலை உங்கள் கண்முன் கண்ணாடி பாட்டிலில் வைக்கச் சொல்லுங்கள். கையேட்டிலோ டேங்க் மூடியின் உட்புறத்திலோ உங்கள் வண்டி எத்தனை சதவீதம் வரை தாங்கும் என்று பெரும்பாலும் போட்டிருக்கும். கலவை அதற்கு உட்பட்டதா என்று கேளுங்கள். எந்த பாகம், எந்த இடத்தில், எப்படிக் கெட்டிருக்கிறது என்பதைக் காட்டாமல் கழற்ற விடாதீர்கள். பழைய பாகங்கள் எனக்கு வேண்டும் என்பதை ஜாப் கார்டில் முன்கூட்டியே எழுதுங்கள். பாட்டிலில் எடுத்ததைச் சாக்கடையில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அடியில் பிரிந்த திரவமும் தீப்பிடிக்கும்.

பங்க்கில் பாட்டிலைக் காட்டியதும் மேலாளர் தொட்டியைச் சோதித்து, அந்த பம்ப்பில் விற்பனையை அன்றே நிறுத்தினார்; டேங்க் சுத்தம் செய்த செலவையும் ஏற்றுக்கொண்டார். முதல் பணிமனை 'எத்தனால் பாதுகாப்பு' திரவத்தின் விலையை மட்டும் திருப்பித் தந்தது. பம்ப்புக்கும் இன்ஜெக்டருக்கும் வாங்கிய பணத்தைக் கேட்டு, பில், ஜாப் கார்டு, பழைய பாகங்களின் படங்கள் எல்லாவற்றையும் இணைத்து எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறேன்.