85,000 போச்சு, ஆறு வருட டொமைனும் போச்சு: வெப்சைட் போட ஆள் தேடுகிறவர்கள் கவனத்துக்கு

கடைசித் தவணையைக் கட்டி இன்றோடு 58 நாள். மொத்தம் 85,000. இன்று காலை வாடிக்கையாளர் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். எங்கள் முகவரியைத் தட்டினால் தளம் வரவில்லை, ‘பாதுகாப்பில்லாத இணைப்பு’ என்று பிரவுசர் மிரட்டுகிறது. ஆறு வருடமாக பில்லிலும் போர்டிலும் விசிட்டிங் கார்டிலும் அச்சடித்த டொமைன், அதாவது எங்கள் இணைய முகவரிப் பெயர், இப்போது எங்கள் பெயரில் இல்லை. ஆத்திரம் தணிந்த பிறகு நிதானமாக எழுதலாம்தான். அதற்குள் இன்னும் எத்தனை பேர் அங்கே பணம் கட்டுவார்களோ.

புகார் கொடுத்திருப்பதால் கம்பெனி பெயரைப் போடவில்லை. ரகத்தைச் சொல்கிறோம்: சிறு தொழில்களுக்கு ‘டொமைன், ஹோஸ்டிங், டிசைன், எஸ்இஓ எல்லாம் ஒரே பேக்கேஜ்’ என்று விளம்பரம் செய்யும் ஏஜென்சி. (ஹோஸ்டிங் என்பது தளத்தை வைக்கும் சர்வர் இடம். எஸ்இஓ என்பது கூகுள் தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை.) பேசி மடக்க ஒருவர், வேலைக்கு இன்னொருவர், பணம் கேட்க மூன்றாமவர். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது.

கொட்டேஷன் ஒரே பக்கம். ‘10 பக்க டைனமிக் வெப்சைட், மொபைல் ரெஸ்பான்சிவ், எஸ்எஸ்எல் ஒரு வருடம், எஸ்இஓ, கூகுளில் முதல் பக்கம் உத்தரவாதம், ஒரு வருட சப்போர்ட்.’ (எஸ்எஸ்எல் என்பது இணைப்பைப் பாதுகாக்கும் சான்றிதழ்.) இதில் ஒரு சொல்லுக்கும் அளவு கிடையாது. எத்தனை முறை திருத்தம் கேட்கலாம், எழுத்தும் படமும் யார் தருவது, வேலை முடிந்தது என்று எதை வைத்துச் சொல்வது, எதுவும் இல்லை. கூகுள் உத்தரவாதத்தைப் பார்த்த உடனே எழுந்து வந்திருக்க வேண்டும். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது.

தவணை மூன்று. முன்பணம் 40,000. டிசைன் ஓகே ஆனதும் 25,000. தளத்தை லைவ் விடுவதற்கு (எல்லோருக்கும் திறந்து விடுவதற்கு) முன் 20,000. ‘லைவ் விடுவதற்கு முன்’ என்ற அந்தச் சொல்லில்தான் பிடி முழுக்க அவர்கள் கைக்குப் போனது. முழுப் பணமும் வாங்கிய பிறகுதான் தளத்தை நம் கண்ணில் காட்டுவார்கள். குறை சொல்ல வாய் திறக்கும்போது நிறுத்தி வைக்க நம்மிடம் ஒரு தவணையும் மிச்சம் இருக்காது.

ஆனால் 85,000-ஐவிட வயிறு எரிவது வேறொன்றுக்கு. முன்பணம் கட்டிய மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: “சார், உங்க டொமைனை எங்க அக்கவுண்டுக்கு மாத்திக்கலாம். ஹோஸ்டிங்கும் டொமைனும் ஒரே இடத்துல இருந்தா எங்களுக்கு மெயின்டெயின் பண்ண ஈசி. ஆத் கோட் மட்டும் அனுப்புங்க, மத்தத நாங்க பாத்துக்கறோம்.” பழைய பதிவாளர் (டொமைனை வாங்கியிருந்த நிறுவனம்) கணக்கில் நுழைந்து, டிரான்ஸ்ஃபர் லாக்கை (டொமைன் வேறு இடம் போகாமல் காக்கும் பூட்டை) எடுத்துவிட்டு, டொமைனை வேறு நிறுவனத்துக்கு மாற்றத் தேவையான ரகசியக் குறியீடான ஆத் கோடை நகலெடுத்து அனுப்பியாயிற்று. ஒப்புதல் கேட்டு வந்த மெயிலிலும் சம்மதம் கொடுத்தாயிற்று. ஐந்து நிமிட வேலை. மறுபக்கத்திலிருந்து ஒரு கைகூப்பும் இமோஜி வந்தது.

தளம் வேறு சர்வரில் ஓட வேண்டுமென்றால் டொமைனை நகர்த்தவே தேவையில்லை என்பதை அழுத்திச் சொல்கிறோம். டொமைன் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். டிஎன்எஸ்ஸில், அதாவது டொமைன் பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பட்டியலில், ‘ஏ’ ரெக்கார்டு போன்ற தளத்துக்கான வரிகளில் புதிய சர்வரின் ஐபி முகவரியைப் போட்டால் போதும். ஆத் கோட் கேட்பவர் கேட்பது வீட்டுப் பத்திரத்தை. வெள்ளையடிக்க வருகிறவருக்கு எதற்குப் பத்திரம்?

டொமைன் போன அன்றே பிசினஸ் மெயில் செத்தது. நேம்சர்வரை (அந்த டிஎன்எஸ் பட்டியலை வைத்திருக்கும் சர்வரை) மாற்றியவர்கள் தளத்துக்கான ரெக்கார்டை மட்டும் போட்டார்கள். மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டையும், மெயில் நம்முடையதுதான் என்று உறுதி சொல்லும் எஸ்பிஎஃப், டிகிம் ரெக்கார்டுகளையும் நகலெடுக்கவில்லை. நான்கு நாள் வந்த ஆர்டர் மெயில்கள் அனுப்பியவருக்கே திரும்பிப் போயின. கேட்டதற்குப் பதில்: “டிஎன்எஸ் ப்ராபகேஷன் சார், 48 மணி நேரம் ஆகும்.” ப்ராபகேஷன் என்றால் மாற்றம் இணையம் முழுக்கப் பரவுவது. இல்லாத ரெக்கார்டு எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் பரவாது.

தளம் லைவ் ஆனது. பார்வைக்குப் பளிச்சென்று இருந்தது. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மேல் பட்டையில் எங்கள் போன் எண் சரியாக இருக்கிறது. மொபைலில் அதைத் தொட்டால் டயலரில் ஏறுவது வேறு எண், 1234567890! டெம்ப்ளேட்டோடு (முன்பே தயாரித்து வைத்த தள வடிவமைப்போடு) வந்த மாதிரி எண். கண்ணுக்குத் தெரியும் எழுத்தை மாற்றியவர்கள், அடியில் இருக்கும் லிங்கை மாற்றவில்லை. தொட்டு அழைத்தவர்கள் யாரும் எங்களை வந்து சேரவில்லை.

விசாரணைப் படிவம் இன்னும் மோசம். நிரப்பி அனுப்பினால் ‘நன்றி, விரைவில் தொடர்புகொள்கிறோம்’ என்று வருகிறது, மெயில் வருவதில்லை. “உங்க ஸ்பேம் ஃபோல்டர் பாருங்க” என்றார்கள். “கேச் க்ளியர் பண்ணுங்க” என்றார்கள். மெயில் வராததற்கும் பிரவுசர் கேச்சுக்கும் என்ன சம்பந்தம்? பதினோரு நாள் விடாமல் கேட்ட பிறகு ‘எங்க சைடு கரெக்ட்டா இருக்கு’ என்று நிரூபிக்க ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார்கள். அதில் ‘பெறுநர்’ என்ற கட்டத்தில் இருந்தது அவர்களுடைய டெவலப்பரின் முகவரி. இத்தனை நாள் வந்த விசாரணை அத்தனையும் அங்கே விழுந்திருக்கிறது.

பேஜ் சோர்ஸை (பக்கத்தின் அடியில் இருக்கும் நிரலை) திறந்தால் தலைப்பகுதியிலேயே ‘நோஇண்டெக்ஸ்’ என்ற வரி. எங்கள் தளம் கட்டப்பட்ட வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளின் அமைப்புகளில் தேடுபொறிகளை வர வேண்டாம் என்று சொல்லும் ஒரு டிக் உண்டு. தளம் கட்டும் காலத்தில் போடுவது சரி, லைவ் விடும்போது எடுக்க வேண்டும். எடுக்கவே இல்லை. எஸ்இஓ என்று பணம் வாங்கியவர்கள் கூகுளுக்குக் கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். நாமே எடுத்துவிடலாம் என்றால், கொடுத்திருக்கும் லாகின் ‘எடிட்டர்’. அதில் பக்கங்களைத் திருத்தலாம். அமைப்புகள், ப்ளகின், தீம், பயனர் பட்டியல் எதுவும் கண்ணில் படாது. அட்மின் லாகின் கேட்டால் “செக்யூரிட்டி பாலிசி சார்” என்கிறார்கள். 85,000 கொடுத்தவனிடமிருந்து எதைப் பாதுகாக்கிறார்கள்?

முகப்பில் ஐந்து பேனர் படங்கள், கேமராவிலிருந்து எடுத்தபடியே, ஒவ்வொன்றும் 4 முதல் 6 எம்பி. 1,600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி வெப்பி (WebP) என்ற, அளவைக் குறைக்கும் பட வடிவத்தில் போட்டால் ஒவ்வொன்றும் சில நூறு கேபிக்குள் அடங்கும். பக்கத்தின் பெரிய பகுதி இரண்டரை விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். எங்களுடையது மொபைலில் 14 விநாடி. “உங்க நெட் ஸ்லோவா இருக்கும் சார்.”

இன்று காலை வந்த எச்சரிக்கைக்குக் காரணம் எஸ்எஸ்எல் சான்றிதழ் காலாவதி. கொட்டேஷனில் ‘ஒரு வருடம்’ என்று போட்டிருந்தார்கள், சர்வரில் இருந்தது லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு தரும் இலவசச் சான்றிதழ். அதன் ஆயுள் 90 நாள், தளம் கட்டும் காலத்திலேயே அது ஓடத் தொடங்கிவிட்டது. இலவசம் என்பதால் மட்டம் இல்லை, நல்ல சான்றிதழ்தான். சர்வரில் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை ஒரு முறை செய்துவிட்டால் போதும். அதைச் செய்யவில்லை. முந்தைய குறைகளுக்கெல்லாம் டிக்கெட் (எழுத்துப் புகார்) போட்டிருந்தோம். “டெவலப்பர் லீவ்.” பிறகு “ப்ராஜெக்ட் மேனேஜர் மாறிட்டார், புதுசா வந்தவர்கிட்ட மெயில் போடுங்க.” பிறகு “இது ஸ்கோப்ல இல்ல.” இப்போது ப்ளூ டிக் மட்டும்.

டொமைனைத் திருப்பிக் கேட்டோம். “டிரான்ஸ்ஃபர் ஆன 60 நாளுக்கு நகர்த்த முடியாது, ஐகேன் ரூல்” என்றார்கள். (ஐகேன் என்பது டொமைன் பெயர்களுக்கு உலக அளவில் விதி வகுக்கும் அமைப்பு.) அப்படி ஒரு பூட்டு இருப்பது உண்மை, அதனால் பொறுத்தோம். 60 நாள் முடிந்த மறுநாள் கேட்டால் “ரிலீஸ் சார்ஜ் 18,000.” ஏற்கெனவே போன 85,000-க்கு மேல்! பதிவு பெற்றவர் கேட்டால் ஐந்து நாளுக்குள் ஆத் கோட் தர வேண்டும் என்பதும் ஐகேன் விதிதான். ஆனால் இப்போது பதிவேட்டில் ‘பதிவு பெற்றவர்’ அவர்கள். நாங்களே லாக்கை எடுத்து, ஆத் கோட் கொடுத்து, மெயிலில் சம்மதித்ததால் ‘அனுமதியில்லாத மாற்றம்’ என்று சாதிப்பது கடினம். டொமைன் தகராறுக்கான நடுவர் முறை ஒன்று உண்டு. அதற்கு அந்தப் பெயரில் வணிக முத்திரை உரிமை நமக்கு இருப்பதைக் காட்ட வேண்டும், செலவும் தனி. பழைய பதிவாளரின் ஆறு வருட ரசீதுகளையும் அந்த வாட்ஸ்அப் உரையாடலையும் வைத்துத்தான் இப்போது புகார் நடக்கிறது.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தோம். இப்போது கை ஓடவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறோம். டொமைனை உங்கள் மெயில், உங்கள் கார்டு, உங்கள் பெயரில் நீங்களே வாங்குங்கள். ஆத் கோடை யாருக்கும் கொடுக்காதீர்கள். நேம்சர்வரில் கை வைக்கும் முன் டிஎன்எஸ் ரெக்கார்டு முழுப் பட்டியலையும் படம் பிடித்து வையுங்கள். மொத்தத்தில் முப்பது சதவீதமாவது கடைசித் தவணையாக வையுங்கள், அட்மின் லாகினும் முழு பேக்கப் ஃபைலும் கைக்கு வந்த பிறகே கொடுங்கள். கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலையும் அனலிட்டிக்ஸையும் உங்கள் கணக்கில் திறந்து, ப்ரொஃபைலில் அவர்களை மேனேஜராக மட்டும், அனலிட்டிக்ஸில் அட்மின் அல்லாத பயனராக மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே தளம் போட்டு முடித்தவர்கள் இன்றே மொபைலில் உங்கள் போன் எண்ணைத் தொட்டுப் பாருங்கள், படிவத்தை ஒரு முறை நிரப்பி அனுப்புங்கள். டொமைன் யார் கணக்கில் இருக்கிறது என்று இன்று ராத்திரிக்குள் பார்த்துவிடுங்கள். அவர்கள் கணக்கில் இருந்தால், உறவு நன்றாக இருக்கும்போதே, சண்டை எதுவும் தொடங்கும் முன்பே திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.