ஐந்து வருடப் போன், இரண்டு முறை மாற்றிய பேட்டரி: சூடு எங்கிருந்து வந்தது?

2020 ஆகஸ்டில் மகளின் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய ஆண்ட்ராய்டு போன் இது. 4500 எம்ஏஎச் பேட்டரி, 18 வாட் சார்ஜர், பதினைந்தாயிரத்துக்குள் விலை. பள்ளி திறந்ததும் என் கைக்கு வந்தது. 2025லும் இதைத்தான் வைத்திருக்கிறேன். நடுவில் ஏழெட்டு மாதம் இதோடு பட்ட பாட்டையும், எது உதவியது, எது வீண் செலவு என்பதையும் எழுதி வைக்கிறேன். பழைய போன் வைத்திருக்கும் யாருக்காவது ஒரு தேவையில்லாத செலவு மிச்சமானால் போதும்.

2023 ஏப்ரலில் தொல்லை தொடங்கியது. காலை ஏழு மணிக்கு நூறு சதவீதத்தோடு கிளம்பினால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் 15 சதவீதம். 30 சதவீதம் இருக்கும்போது கேமராவைத் திறந்தால் போன் அப்படியே அணைந்துவிடும். சார்ஜரில் மாட்டி உயிர்ப்பித்தால் மறுபடி 28 சதவீதம் காட்டும். போதாததற்கு, யாரும் தொடாமல் மேசையில் கிடக்கும்போதே பின்பக்கம் இட்லிப் பாத்திர மூடி மாதிரி சுடும். நான் இருப்பது வேலூரில். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே வழக்கம். அதனால் முதல் ஒரு மாதம் பழியை வெயில் மேலேயே போட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் சொல்வதையெல்லாம் செய்து பார்த்தேன். போனைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் ஒரு செயலியைப் போட்டேன். அது பின்னணியில் ஓடும் மற்ற செயலிகளை மூட, அவை திரும்ப எழுந்திருக்க, மறுபடி அது மூட, அந்த இழுபறியிலேயே சார்ஜ் இறங்கியது. ஒருமுறை முழுவதும் அழித்து ஃபேக்டரி ரீசெட் செய்தேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது, மூன்றாம் நாள் பழைய கதை. முழுவதும் காலியாக்கி முழுவதும் ஏற்றினால் பேட்டரி ‘பழகும்’ என்று ஒருவர் சொன்னார். அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகளுக்குச் சொன்னது. லித்தியம் அயன் பேட்டரியை அடிக்கடி பூஜ்யம் வரை இறக்குவது கெடுதல். சதவீதக் கணக்கு வேண்டுமானால் கொஞ்சம் நேராகும், இழந்த கொள்ளளவு திரும்ப வராது. ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னவர்களும் உண்டு. நல்லவேளை அதைச் செய்யவில்லை. குளிரிலிருந்து வெளியே எடுத்ததும் போனுக்குள் நீர் பூக்கும். சூட்டைவிட அது பெரிய ஆபத்து.

உண்மையில் உதவியது ஒரு நோட்டு. எப்போது சூடாகிறது, அப்போது போன் எங்கே இருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒரு வாரம் எழுதினேன். பேட்டரியின் வெப்பநிலையைப் பார்க்க அக்யூபேட்டரி என்ற செயலியைப் போட்டுக்கொண்டேன். வாரக் கடைசியில் பார்த்தால் ஒரு சூடு இல்லை, மூன்று தனித்தனிச் சூடுகள் இருந்தன.

முதலாவது, இரவில் மெத்தை மேல் வைத்துச் சார்ஜ் போடுவது. ரப்பர் கவரோடு மெத்தையில் கிடந்தபோது 43 டிகிரி. கவரைக் கழற்றி, ரெட் ஆக்சைடு தரையில் வைத்துச் சார்ஜ் போட்டபோது 38. ஒரு பைசா செலவில்லாமல் ஐந்து டிகிரி! அப்புறம் 18 வாட் சார்ஜரை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, இரவுக்கு வீட்டில் கிடந்த பழைய 10 வாட் சார்ஜருக்கு மாறினேன். இன்னும் இரண்டு டிகிரி குறைந்தது.

இரண்டாவது, பைக். ஹேண்டில்பாரில் ஹோல்டர் மாட்டி, மேப் ஓட்டிக்கொண்டு, வண்டியின் யுஎஸ்பியிலேயே சார்ஜும் போட்டுக்கொண்டு போவேன். நேர் வெயில், அந்த வெயிலுக்காக முழு வெளிச்சத்தில் திரை, ஜிபிஎஸ், ஓயாத நெட், கூடவே சார்ஜ். ஐந்தும் ஒரே நேரத்தில் சூடேற்றுகின்றன. ஆப்பிள் நிறுவனம் தன் போன்களைச் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை இருக்கும் இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது. வேலூர் மே மாதத்தில் நிழலே அதைத் தாண்டிவிடுகிறது. பொதுவாக 45 டிகிரிக்கு மேல் லித்தியம் பேட்டரியில் சார்ஜ் ஏற்றக்கூடாது. அதனால்தான் போன் தானே சார்ஜை நிறுத்திக்கொள்கிறது. அதைச் சார்ஜர் கோளாறு என்று நினைத்து இரண்டு கேபிள் வாங்கியிருந்தேன். இப்போது கிளம்பும் முன் வழியைப் பார்த்துக்கொண்டு, போனைப் பையில் போட்டு, குரல் வழிகாட்டலை மட்டும் ஒரு காதில் கேட்கிறேன்.

மூன்றாவதுதான் என்னை அதிகம் குழப்பியது. சும்மா கிடக்கும்போது வரும் சூடு. நோட்டைப் புரட்டினால் அது நடந்ததெல்லாம் ஒரே இடத்தில்: வீட்டின் பின்னறை. நான் உட்கார்ந்து வேலை பார்க்கும் அறை அது. தடித்த பழைய சுவர், ஒரே ஜன்னல். அங்கே டவர் ஒரு கோடுதான் காட்டும், சில சமயம் அதுவும் போய்விடும். செட்டிங்ஸில் போனைப் பற்றிய பகுதிக்குள் சிம் நிலை என்ற இடத்தில் சிக்னல் அளவு எண்ணாகவே தெரியும். முன்வாசலில் மைனஸ் 88 டிபிஎம். பின்னறையில் மைனஸ் 117. பூஜ்யத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்ல சிக்னல். 88க்கும் 117க்கும் சின்ன வித்தியாசம் என்று தோன்றும், ஆனால் இந்த அளவில் பத்து எண் குறைந்தாலே கிடைக்கும் சிக்னலின் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிடும். அப்படியென்றால் பின்னறையில் எனக்குக் கிடைத்தது வாசலில் இருப்பதில் ஏறக்குறைய எண்ணூறில் ஒரு பங்கு.

காது கேட்காதவரிடம் பேசுகிறவர் குரலை உயர்த்துவது போல, டவர் எட்டாதபோது போனும் தன் சிக்னலை முடிந்த மட்டும் சக்தி கூட்டி அனுப்புகிறது. நடுநடுவே 4ஜியை விட்டுப் பழைய நெட்வொர்க்குக்கு இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது, வேறு டவரைத் தேடுகிறது. திரை அணைந்திருந்தாலும் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். இரண்டு சிம் போட்டிருந்ததால் இந்தத் தேடல் இரட்டிப்பு. தீர்வு எளிது: டவருக்குப் பதில் வீட்டு வைஃபை வழியாக அழைப்புகள் போகும் வைஃபை காலிங்கை இயக்கினேன், அதிகம் பயன்படாத இரண்டாவது சிம்மைப் பகலில் அணைத்து வைத்தேன். பின்னறையில் நாலு மணி நேரத்துக்கு 22 சதவீதம் இறங்கிக்கொண்டிருந்தது, 6 ஆனது. சூடும் போய்விட்டது. பேட்டரி மாற்றுவதற்கு முன்னால் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பலன் இதுதான். இதை யாருமே எனக்குச் சொல்லவில்லை. உங்கள் போனும் சும்மா இருக்கும்போது சூடானால் முதலில் டவரைப் பாருங்கள்.

செயலிகளைச் சந்தேகப்பட்டால் சேஃப் மோடில் ஒரு நாள் ஓட்டிப் பார்க்கலாம். நாம் போட்ட செயலிகள் அனைத்தும் அதில் தூங்கும். எனக்கு அதில் ஒன்று மாட்டியது: படங்களை இணையத்தில் (கிளவுடில்) சேமிக்கும் ஒரு செயலி, கெட்டுப்போன ஒரு பெரிய வீடியோவை ஏற்ற முயன்று தோற்று, மறுபடி மறுபடி முயன்றுகொண்டிருந்தது. அந்த வீடியோவை அழித்ததும் அடங்கியது.

இவ்வளவும் செய்த பிறகு சூடு பெருமளவு குறைந்தது. ஆனாலும் 30 சதவீதத்தில் அணைவது நிற்கவில்லை. சரி, இனி பேட்டரியைத்தான் பார்க்க வேண்டும் என்று புரிந்தது. அக்யூபேட்டரியில் ஒரு மாதச் சார்ஜ் கணக்கு, 4500க்கு ஏறத்தாழ 3050 எம்ஏஎச் என்று காட்டியது. 68 சதவீதம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் மூன்று மாதம் சுற்றியதே இது தெரியாததால்தான். எங்கள் ஊர் உப்புத் தண்ணீரில் ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் படிவு சேர்வதைப் பார்த்திருப்பீர்கள். லித்தியம் பேட்டரிக்குள்ளும் அதன் எதிர்முனையான கிராஃபைட் பக்கத்தில் அப்படி ஒரு மெல்லிய படலம் முதல் நாளிலிருந்தே உருவாகிறது. அது தடிக்கத் தடிக்க, ஓட வேண்டிய லித்தியத்தைத் தின்கிறது, மின்சாரம் போகும் பாதையில் தடையைக் கூட்டுகிறது. சூடு அந்தத் தடிப்பை வேகமாக்கும். தடை கூடியதும், அதே மின்சாரம் போகும்போது முன்பைவிட அதிகச் சூடு பிறக்கும். சூடு பேட்டரியைக் கெடுக்கிறது, கெட்ட பேட்டரி சூட்டைக் கூட்டுகிறது. நான் இரண்டையும் தனித்தனி நோயாக நினைத்து மருந்து தேடிக்கொண்டிருந்தேன்.

30 சதவீதத்தில் அணைவதற்கும் இந்தத் தடைதான் காரணம். கேமரா திறக்கும் நொடியில் போன் திடீரென்று நிறைய மின்சாரம் கேட்கும். உள்ளே சார்ஜ் இருந்தாலும் தடையால் மின்னழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். இது நம் சின்ன போன்களுக்கு மட்டும் வரும் வியாதி இல்லை. பழைய ஐபோன்கள் இப்படித் திடீரென்று அணையாமல் இருக்க, 2017இல் மென்பொருள் மூலம் அவற்றின் வேகத்தைக் குறைத்ததை ஆப்பிள் ஒப்புக்கொண்டது. அந்த டிசம்பரில் மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29க்குக் குறைத்தது. புதுப் பேட்டரி போட்டதும் பழைய போன் வேகம் பிடிக்கிறது என்று பலர் சொன்னது வெறும் பிரமை இல்லை.

2023 ஜூனில் கடைவீதியில் ஒரு கடையில் மாற்றினேன். “சார், ஒரிஜினல்தான், ஆறு மாசம் வாரண்டி. 650 ரூபா குடுங்க, அரை மணி நேரத்துல ரெடி” என்றார் அந்தத் தம்பி. மேலே 5000 எம்ஏஎச் என்று அச்சிட்டிருந்தது. 4500 இருந்த அதே இடத்தில் 5000 எப்படி அடங்கும் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். ஒரு வாரம் அளந்தபோது 3200தான் வந்தது. ஆனாலும் அணைவது நின்றதால் விட்டுவிட்டேன்.

நவம்பரில் ஒருநாள் திரையின் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டு, இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. போனை மேசையில் படுக்க வைத்தால் தட்டாமாலை சுற்றியது. பேட்டரி உப்பிவிட்டது. இந்த இடத்தில் யாரும் அலட்சியம் காட்ட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். உப்பிய பேட்டரியின் உள்ளே வாயு இருக்கிறது. அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், படுக்கையறையில் வைக்காதீர்கள். நான் உடனே அணைத்து, பழைய தகர டப்பாவில் மணல் நிரப்பி, அதற்குள் வைத்து மொட்டைமாடிப் படிக்கட்டின் நிழலில் வைத்தேன். மறுநாள் காலை வெயிலுக்கு முன் அந்தப் போன் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனேன். அங்கே இருந்த பெண் முதலில் கேட்டது, “சார், இதை பேன்ட் பாக்கெட்லயா வச்சுட்டு வந்தீங்க?” டப்பாவைக் காட்டியதும்தான் அவர் முகத்தில் பதற்றம் போனது.

ஒரிஜினல் பேட்டரிக்கும் கூலிக்கும் சேர்த்து 1,780 ரூபாய். பழையதை அவர்களே வாங்கிக்கொண்டார்கள். நம் நாட்டின் 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகள் பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்கள் மேல் வைக்கின்றன. அதனால் குப்பைத் தொட்டியில் போடாமல் கொடுத்துவிடுங்கள். பசையால் ஒட்டிய பின்மூடியை ஹீட் கன் வைத்துப் பிரிப்பதைப் பார்த்தபோது, நாமே கழற்றி மாட்டிய அந்தக் காலத்துப் பேட்டரிகளை நினைத்து ஏக்கமாக இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரியிலிருந்து, சில விலக்குகளோடு, பயன்படுத்துபவரே பேட்டரியை மாற்றும்படி போன்கள் இருக்க வேண்டும் என்ற சட்டம் வருகிறது. இங்கேயும் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இது நடந்து ஒன்றரை வருடம் தாண்டிவிட்டது. முன்பு ஒரு முழுச் சார்ஜில் திரை எரியும் நேரம் மூன்று மணி வந்தால் அதிகம். இப்போது ஆறரை மணி தாங்குகிறது. கடைசியாக அளந்தபோது 4050 எம்ஏஎச், அதாவது 90 சதவீதம். நான் கடைப்பிடிப்பது ஒன்றுதான்: முழுச் சார்ஜும் சூடும் சேராமல் பார்த்துக்கொள்வது. பேட்டரி பற்றிய எழுத்துகளில் பரவலாகக் காணக் கிடைக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு வருடம் சும்மா வைத்தாலே, 25 டிகிரியில் 40 சதவீதச் சார்ஜில் இருந்த லித்தியம் பேட்டரி தன் கொள்ளளவில் 96 சதவீதத்தைத் தக்கவைக்கிறது; 40 டிகிரியில் முழுச் சார்ஜோடு இருந்தது 65தான். நம் ஊர்க் கோடையில் இரவெல்லாம் நூறில் வைத்திருப்பது அந்த இரண்டாவது கணக்கில்தான் சேரும். என் போனில் 80இல் நிறுத்தும் வசதி இல்லை. அதனால் காலையில் எழுந்ததும் மாட்டி, குளித்துச் சாப்பிட்டுக் கிளம்பும்போது 80, 85இல் எடுத்துவிடுகிறேன். ஊருக்குப் போகும் நாளில் மட்டும் நூறு.

குறைகளும் இருக்கின்றன. மே மாத மதியத்தில் பத்து நிமிடம் வீடியோ எடுத்தால் இப்போதும் கேமரா, சூடு என்று சொல்லி மூடிக்கொள்ளும். ஹாட்ஸ்பாட் போட்டால் அரை மணி நேரத்தில் 41 டிகிரி. பாதுகாப்பு அப்டேட்டுகள் 2023 கடைசியில் நின்றுவிட்டன, அதற்குப் பேட்டரியில் வழியில்லை. வங்கிச் செயலிகளையும் யுபிஐயையும் மனைவியின் புதிய போனுக்கு மாற்றிவிட்டோம். அழைப்பு, வாட்ஸ்அப், மேப், இரவில் பாட்டு, இதற்கெல்லாம் இந்தப் போன்தான். இந்தக் கத்திரியையும் தாண்டிவிட்டது.