ஒரு கொலைக்கு எத்தனை கல்வெட்டு?

போஸ்னியாவின் சாரயேவோ நகரத்தில் மில்யாட்ஸ்கா ஆற்றோரமாக ஒரு தெருமுனை. எதிரே பழைய கல்பாலம். 1914 ஜூன் 28 காலையில், பத்தொன்பது வயதுப் பையன் காவ்ரீலோ பிரின்சிப் அங்கே நின்று இரண்டே குண்டு சுட்டான். ஆஸ்திரிய-ஹங்கேரிப் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டும் மனைவி சோஃபியும் செத்தார்கள். சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூலை 28 அன்று, ஆஸ்திரியா செர்பியாமேல் போர் அறிவித்தது. அதுவே முதல் உலகப் போராக வெடித்தது. அப்புறம் நடந்தது தெரிந்த கதை. அந்த செப்டம்பரில் ஜெர்மனியின் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனதும் அந்தக் கதையில் ஒரு வரிதான். நமக்கு 'அவன் சரியான எம்டன்' என்ற பேச்சு மிஞ்சியது. அவர்களுக்கு மிஞ்சியது கல்வெட்டுச் சண்டை.

பிரின்சிப் வீரனா, பயங்கரவாதியா என்ற பட்டிமன்றத்துக்குள் நான் போகப்போவதில்லை. அந்தக் காலையை நினைவு வைத்துக்கொள்ள இன்றைக்கு மூன்று வழிகள் கண்முன்னே இருக்கின்றன: வியன்னாவின் அருங்காட்சியகம், செர்பியத் தலைநகர் பெல்கிரேடின் சிலை, சாரயேவோ தெருமுனையின் மொட்டைக் கல்வெட்டு. இதில் எது கொஞ்சமாவது நேர்மையானது? அவ்வளவுதான் கேள்வி.

வியன்னாவின் ராணுவ வரலாற்று அருங்காட்சியகத்தில் இளவரசர் சுடப்பட்ட அந்தக் காரே நிற்கிறது. திறந்த மேல்புறம், பக்கவாட்டில் குண்டு துளைத்த ஓட்டை. பக்கத்தில் இளவரசரின் வெளிர்நீலச் சட்டை. காயம் எங்கே என்று தேடிய அவசரத்தில் கத்தரித்துத் திறந்த துணி, அதில் பழுப்பேறிப்போன ரத்தக் கறை. யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை, பார்த்த மாத்திரத்தில் மனசு செத்தவர் பக்கம் சாய்ந்துவிடும். (இந்தக் காரின் நம்பர் A III 118. அதை ரோமன் மூன்றுக்குப் பதில் மூன்று ஒன்றுகளாகப் படித்தால் 11-11-18, போர்நிறுத்த நாள் வருகிறது, முன்னால் இருக்கும் ஏ எழுத்து 'ஆர்மிஸ்டிஸ்' என்று சுற்றுகிற ஃபார்வர்டு உங்களுக்கும் வந்திருக்கும். நம்பர் உண்மைதான். ஆனால் வியன்னாக்காரர்கள் பேசுவது ஜெர்மன், அதில் போர்நிறுத்தத்துக்கான சொல் ஏ-வில் தொடங்குவதே இல்லை.)

பொருள்கள் பொய் சொல்லாது, அதனால் வியன்னாதான் நேர்மை என்று வாதாடலாம். நானும் கொஞ்சகாலம் அப்படித்தான் நினைத்தேன். சிக்கல் என்னவென்றால் சட்டையில் ரத்தம் தெரியும், மேசையில் தெரியாது. 1878இல் போஸ்னியாவைப் பிடித்து 1908இல் பேரரசோடு சேர்த்துக்கொண்டதும், கொலை நடந்த பிறகு ஜெர்மனியிடம் 'என்ன ஆனாலும் கூட நிற்போம்' என்று உறுதி வாங்கிக்கொண்டு ஜூலை 23 அன்று செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு விதித்ததும் மேசையில் உட்கார்ந்து எடுத்த முடிவுகள். காரைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர் மனதில் அந்தக் காரிலிருந்து நேராகப் போருக்குக் கோடு விழுந்துவிடுகிறது. நடுவில் கிடந்த ஒரு மாதம் எங்கே போயிற்று?

பெல்கிரேடு சிலை விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2014இல், கொலையின் நூற்றாண்டுக்கு முந்தின நாள், செர்பியர் வாழும் கிழக்கு சாரயேவோவில் ஒரு பிரின்சிப் சிலை. அடுத்த வருஷம் ஜூன் 28 அன்று பெல்கிரேடில் இன்னொன்று. செர்பிய அதிபரே திறந்துவைத்தார். 1914இல் இதே ஊரில் இருந்த அரசு 'இந்தக் கொலைக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை' என்று உலகத்துக்கெல்லாம் சொன்னது. அன்றைக்கு அடுத்த வீட்டுப் பையன், இன்றைக்கு எங்கள் வீட்டுப் பிள்ளை.

அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. விசாரணையில் பிரின்சிப் தன்னை யூகோஸ்லாவிய தேசியவாதி என்றுதான் சொன்னான், எல்லாத் தென் ஸ்லாவியரும் ஆஸ்திரியாவிடமிருந்து விடுபட்டு ஒன்றாக வேண்டும் என்றான். அன்று குண்டோடு ஆற்றோரம் வரிசையாக நின்றவர்களில் மெஹ்மெத்பாஷிச் என்ற முஸ்லிமும் ஒருவர். பிரின்சிப் கேட்ட நாடு, யூகோஸ்லாவியா, 1918இல் பிறந்து 1990களில் உடைந்து சிதறியது. சொத்துப் பிரித்தபோது அவனை ஒரு தரப்பு மட்டும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. வெண்கலத்துக்கு மறுத்துப் பேசத் தெரியாது.

சரி, அந்தத் தெருமுனைக்கு வருவோம், கூத்தெல்லாம் இங்கேதான். 1917இல் ஆஸ்திரிய ஆட்சி பாலத்தருகே இளவரசருக்கும் சோஃபிக்கும் பெரிய தூண்களோடு நினைவுச்சின்னம் எழுப்பியது. போரில் தோற்றார்கள், சின்னமும் போயிற்று. 1930இல் சுவரில் ஒரு பலகை: 'இந்த வரலாற்று இடத்தில் பிரின்சிப் விடுதலையை அறிவித்தான்' என்ற பொருளில். 1941 ஏப்ரலில் நாஜிப் படை ஊருக்குள் வந்ததும் அதைக் கழற்றிக்கொண்டு போய் ஹிட்லருக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தது. ரயில் பெட்டிக்குள் அவர் அந்தப் பலகையை நின்று பார்க்கிற படம் இருக்கிறது. இளவரசருக்காகப் பழிவாங்கிய திருப்தியா? இல்லை. அதே இளவரசரின் மகன்கள் இருவரையும் 1938இல் தாஹாவ் வதைமுகாமில் அடைத்ததும் அதே ஹிட்லர் ஆட்சிதான். செத்தவர்மேல் அன்பே இல்லாமல்கூட ஒரு கல்வெட்டைப் பிடுங்கலாம் போல.

1945இல் புதுப் பலகை வந்தது, அதில் பிரின்சிப் 'ஜெர்மானிய ஆக்கிரமிப்பாளரை எதிர்த்த போராளி' ஆனான். சுட்டது ஆஸ்திரிய இளவரசரை. ஆனால் ஊர் அப்போதுதான் ஹிட்லரிடமிருந்து மீண்டிருந்தது. 1953இல் யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோ காலத்தில் அருங்காட்சியகம் திறந்து, கொடுங்கோலுக்கு எதிரான மக்களின் எதிர்ப்பு என்று எழுதி, அவன் நின்ற இடத்தில் நடைபாதையிலேயே இரண்டு பாதச்சுவடுகளைப் பதித்தார்கள். பாலத்துக்கும் அவன் பெயர்தான் அப்போது. போகிறவர் வருகிறவர் அந்தச் சுவட்டுக்குள் காலை வைத்து நின்று பார்க்கலாம். நினைவுச்சின்னம் என்ற வகையில் எனக்குத் தெரிந்து இதைவிட வலுவானது எதுவுமில்லை, இதைவிட ஆபத்தானதும் இல்லை. இளவரசர் எங்கே இருந்தார் என்று தேட வேண்டாம், சுடுகிறவன் காலில் நீயே நில் என்று கூப்பிடுகிறது. 1992இல் செர்பியப் படைகள் மலைமேலிருந்து இந்த ஊரைக் குண்டு வீசி முற்றுகையிட்ட காலத்தில் அந்தச் சுவடுகள் உடைபட்டன. பாலமும் மறுபடி பழைய லத்தீன் பாலம் ஆயிற்று.

2004இல் வைத்த கல்வெட்டுதான் இப்போது இருப்பது. இந்த இடத்திலிருந்து 1914 ஜூன் 28 அன்று காவ்ரீலோ பிரின்சிப், ஆஸ்திரிய-ஹங்கேரி அரியணை வாரிசு பிரான்ஸ் பெர்டினாண்டையும் அவர் மனைவி சோஃபியையும் படுகொலை செய்தான். அவ்வளவுதான். வீரன் கிடையாது, துரோகி கிடையாது, விடுதலை கிடையாது.

சப்பென்று இருக்கிறது என்பார்கள். ஏன் கொன்றான் என்று ஒரு வார்த்தை இல்லை, எல்லாரும் சண்டை போட்டுக் களைத்துப்போய் ஒப்புக்கொண்ட வாசகம் போலத்தான் இருக்கிறது. நூற்றாண்டு நாளில் வியன்னா பில்ஹார்மோனிக் இசைக்குழு சாரயேவோ நகர மண்டபத்தில் வாசித்துக்கொண்டிருந்தபோது செர்பியத் தரப்பு வராமல் கிழக்கு போஸ்னியாவின் வீஷெகிராடில் தனி விழா எடுத்தது. கல்வெட்டு யாரையும் சமாதானப்படுத்திவிடவில்லை. ஆனாலும் மூன்றில் ஒன்று என்றால் என் ஓட்டு இதற்குத்தான். காரணம் ஒன்றே ஒன்று. 1930, 1945, 1953 என்று மூன்று பலகை எழுதினார்கள், ஒன்றில்கூடச் செத்தவர் பெயர் இல்லை. சோஃபியைச் சுட நினைக்கவில்லை, அதே காரில் இருந்த போஸ்னிய ஆளுநர் பொட்டியோரெக்கைத்தான் குறிவைத்தேன் என்று பிரின்சிப்பே விசாரணையில் வருத்தப்பட்டிருக்கிறான். சுட்டவனுக்கு இருந்த அந்த உறுத்தல் கல்வெட்டு எழுதியவர்களுக்கு வர 2004 ஆகிவிட்டது.

அந்தச் சதியில் மிகச் சின்னவர் வாசோ சூப்ரிலோவிச், அப்போது வயது 17. சிறையிலிருந்து மீண்டு, படித்து, பேராசிரியராகி, டிட்டோ அரசில் மந்திரியும் ஆனார். தான் ஆற்றோரம் நின்ற காலையைப் பற்றி ஒவ்வொரு ஆட்சியும் மாற்றி மாற்றி எழுதியதையெல்லாம் பார்த்துவிட்டு, பாதச்சுவடு உடைய இரண்டு வருஷம் இருக்கும்போது, 1990இல், 93 வயதில் காலமானார்.