மல்லாக்கவா குப்புறவா, தொட்டிலா கட்டிலா?

காரணமே தெரியாமல் தூக்கத்தில் நேரும் சிசு மரணங்களில் பத்துக்கு ஒன்பது முதல் 6 மாதத்துக்குள் நடக்கின்றன. 2 முதல் 4 மாதம் வரைதான் அதிகம். பிள்ளையை எப்படி, எங்கே படுக்க வைக்கிறோம் என்பது அந்த நாட்களில் அவ்வளவு முக்கியம்.

குப்புறப் போட்டால் பிள்ளை அசையாமல் தூங்கும் என்பார்கள், உண்மைதான். எனக்குப் பயமே அதில்தான். அவ்வளவு ஆழ்ந்த தூக்கத்தில், மூச்சு முட்டினாலும் பிள்ளை சட்டென்று விழிக்காது. முகம் மெத்தையில் புதைந்தால், தான் விட்ட காற்றையே திரும்ப இழுக்கும். ஒருக்களித்துப் படுக்க வைப்பதும் நிலைக்காது. புரண்டு குப்புற விழுந்துவிடும். அதனால் மல்லாக்கத்தான்.

மல்லாக்கப் போட்டால் கக்கிய பால் புரையேறாதா? தாய்மார் எல்லோரும் கேட்பது இது. மல்லாந்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே. கக்கிய பால் மேலேறித்தான் மூச்சுக்குழாயைத் தொட வேண்டும். குப்புறப் படுத்தால் இது தலைகீழ். அமெரிக்காவில் 1994-இல் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லிப் பிரசாரம் தொடங்கியபின், பத்தாண்டுக்குள் இந்தச் சாவுகள் ஏறக்குறைய பாதியாகின. பகல் தூக்கத்துக்கும் மல்லாக்கத்தான்.

இடத்துக்கு வருவோம். தனி அறை வேண்டாம். குறைந்தது 6 மாதமாவது பெற்றோர் அறையிலேயே இருக்கட்டும். ஆனால் தனித் தொட்டிலில். கையால் அழுத்தி எடுத்தால் குழி நிற்காத, சமமான மெத்தை, இறுக்கமாகப் போட்ட விரிப்பு, வேறொன்றும் கூடாது. தலையணை, போர்வை, பொம்மை, ஓரத்துக்கு வைக்கும் மெத்தைத் தடுப்பு எல்லாமே ஆபத்து.

பெற்றோரும் பிள்ளையும் ஒரே கட்டிலில் படுப்பது பாலூட்ட வசதிதான். பெற்றோரில் ஒருவர் புகைப்பவர், குடித்திருப்பவர், தூக்க மாத்திரை போட்டவர் என்றாலோ, குறைமாதப் பிள்ளை என்றாலோ கூடவே கூடாது. எல்லாவற்றிலும் மோசம் சோபா. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: கட்டிலுக்குப் பயந்து நடுராத்திரியில் சோபாவில் உட்கார்ந்து பாலூட்டும் தாய், அங்கேயே கண்ணயர்ந்துவிடுகிறாள். கண் சொக்குகிறதென்றால், தலையணையும் போர்வையும் அகற்றிய கட்டில் சோபாவைவிட மேல். விழித்ததும் பிள்ளையைத் தொட்டிலுக்கு மாற்றிவிடுங்கள்.

மூச்சைக் கண்காணிக்கும் கருவியை நம்பி இதில் எதையும் தளர்த்தாதீர்கள். அது இந்தச் சாவைத் தடுப்பதாக நிரூபணமில்லை.

பிள்ளை தானாக இரு பக்கமும் புரளப் பழகியபின், தூக்கத்தில் குப்புறத் திரும்பினால் விட்டுவிடலாம். படுக்க வைக்கும்போது மட்டும் மல்லாக்கவே வையுங்கள்.