சென்னையில் கண்ணாடி போட்ட அனுபவம்: நாற்பதாயிரம் ரூபாய் லென்ஸ் தேவையா?

டொராண்டோவிலிருந்து ஊருக்கு வரும் எங்கள் கூட்டத்தில் பல்லுக்கும் கண்ணுக்கும் ஒரு நாளாவது ஒதுக்காதவர்கள் குறைவு. எங்கள் மாகாணமான ஒன்டாரியோவில் 20 முதல் 64 வயது வரை, வேறு நோய் எதுவும் இல்லையென்றால், கண் பரிசோதனைக்கு அரசுக் காப்பீடு கிடையாது. கண்ணாடிக்கும் கைக்காசுதான். வெள்ளெழுத்து வந்து, தூரம் கிட்டம் இரண்டையும் கோடில்லாமல் ஒரே லென்ஸில் காட்டும் புரோக்ரெசிவ் லென்ஸுக்கு மாறியபிறகு அந்த பில் எங்கேயோ போய்விட்டது. அதனால் இந்த முறை சென்னை வேலைகளில் கண்ணாடியைத்தான் முதலில் வைத்துக்கொண்டேன்.

முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. புரோக்ரெசிவ் லென்ஸ் கடையில் தயாராக இருக்காது. பவர், பிரேமின் அளவு, கண்மணிகளுக்கு நடுவே உள்ள தூரம் எல்லாவற்றையும் எழுதி லேபுக்கு அனுப்பி, செய்து வரவழைக்க வேண்டும். ஒரு வாரம் என்பார்கள், பத்து நாள் ஆகும். அப்புறம் கண் பழக ஒரு வாரம், இரண்டு வாரம். "பழகலைன்னா மாத்தித் தர்றோம் சார்" என்று கடைக்காரர் சொல்வது நிஜம்தான். ஆனால் அந்த நேரத்தில் நாம் மீனம்பாக்கத்தில் போர்டிங் பாஸோடு நின்றுகொண்டிருந்தால் அந்த உத்தரவாதத்தை வைத்து என்ன செய்வது? அதற்காக இறங்கிய மறுநாளே ஓடவும் வேண்டாம். தூக்கம் கெட்டு, விமானத்தில் காய்ந்துபோன கண்ணோடு உட்கார்ந்தால் பவர் சரியாக வராது. சர்க்கரை உள்ளவர்கள் சர்க்கரை கட்டுக்குள் இருக்கும்போது பார்ப்பது நல்லது. அது ஏறி இறங்கினால் பவரும் கூடவே மாறும்.

பரிசோதனையைக் கண்ணாடிக் கடையில் செய்துகொள்ளவில்லை. கடையில் இலவசமாகப் பார்ப்பார்கள், ஆனால் பவரை மட்டும்தான் பார்ப்பார்கள். இந்த ஊரில் கண் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமா? எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-லிருந்து இருக்கிறது, சங்கர நேத்ராலயா 1978-லிருந்து. நம் வயதுக்குக் கண் அழுத்தத்தையும் விழித்திரையையும் சேர்த்துப் பார்ப்பதுதான் முறை. அரை நாள் போய்விடும். சொட்டு மருந்து விட்டபிறகு வெயிலில் கண் கூசும், எதிரே வரும் ஆட்டோவின் எண்கூடத் தெரியாது, அதனால் யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள்.

சீட்டோடு முதலில் போனது ஒரு மாலில் இருந்த பளபளப்பான ஷோரூமுக்கு. அங்கே இருந்த பெண் டேப்லெட்டில் மூன்று படம் காட்டினார். முதல் படத்தில் நடுவில் மட்டும் தெளிவு, மூன்றாவதில் எங்கும் தெளிவு. மூன்றாவதின் விலை 42,000 ரூபாய், பிரேம் தனி. அடுத்து ஊதா வெளிச்சம் அடிக்கும் ஒரு பேனாவை எடுத்தார். சாதாரண லென்ஸ் வழியாக அட்டையில் அடித்தால் புள்ளி தெரிந்தது, நீல வெளிச்சத்தைத் தடுக்கும் என்று விற்கும் அவர்களுடைய புளூ கட் லென்ஸ் வழியாக அடித்தால் தெரியவில்லை. "இதுதான் சார் உங்க போன்ல இருந்து வர்ற லைட்டு" என்றார். அது உண்மையில்லை. அந்தப் பேனாவின் வெளிச்சம் 405 நானோமீட்டர் பக்கம், கிட்டத்தட்ட புறஊதாவின் ஓரம். போன் திரையின் நீலம் பெரும்பாலும் 450 பக்கம் இருக்கிறது. புளூ கட் லென்ஸ் போட்டால் கம்ப்யூட்டர் பார்க்கும் கண்ணுக்குச் சோர்வு குறையும் என்பதற்கு ஆதாரம் தேடி, மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பின் ஆய்வு 2023-ல் வந்தது. 17 சோதனைகளை அலசிவிட்டு, குறுகிய காலத்தில் பலன் இருப்பதாகத் தெரியவில்லை என்றுதான் முடித்தார்கள். அந்தப் பெண்ணைச் சொல்லிக் குற்றமில்லை, சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறார்.

மூன்றாவது படமும் கொஞ்சம் கற்பனைதான். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் கோடில்லாமல் ஒரே லென்ஸில் பவரை ஏற்றிக்கொண்டே போனால், பக்கவாட்டில் மங்கல் வந்தே தீரும். மிங்க்விட்ஸ் என்ற ஜெர்மானியர் 1963-ல் இதற்குக் கணக்கே போட்டுக் காட்டிவிட்டார்: நடுவில் பவர் ஏறும் வேகத்தைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் பக்கத்தில் மங்கல் கூடும். 1959-ல் வந்த வாரிலக்ஸ் என்ற புரோக்ரெசிவ் லென்ஸ் தொடங்கி இன்றுவரை எந்தக் கம்பெனியும் அந்த மங்கலை அழித்துவிடவில்லை. நமக்கு அதிகம் தேவைப்படாத இடமாகப் பார்த்துத் தள்ளிவைக்கிறார்கள், அவ்வளவுதான். விலை கூடக்கூட அதைக் கெட்டிக்காரத்தனமாகத் தள்ளுகிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தலையைத் திருப்பிப் பார்க்கும் ஆள், தலையைத் திருப்பாமல் ஓரக்கண்ணால் பார்க்கும் ஆள் என்று வித்தியாசம் உண்டு. வாசிப்புக்கான கூடுதல் பவர் 1.25-ல் இருப்பவருக்கு மலிவு லென்ஸே போதுமானதாக இருக்கலாம். 2.50-ஐத் தொட்டவருக்கு நல்ல டிசைனுக்கும் சுமாரான டிசைனுக்கும் வித்தியாசம் நன்றாகத் தெரியும். எனக்கு 2.00, நடுவில் இருக்கிறேன்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டு, மைத்துனர் சொன்ன மயிலாப்பூர் கடைக்குப் போனேன். மாட வீதிக்குப் பக்கத்தில் சின்னக் கடை, எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர். லென்ஸ் பேச்சே எடுக்கவில்லை. பிரேமை என் முகத்தில் மாட்டி, மூக்குப் பட்டையை வளைத்து, காதுக்குப் பின்னால் காம்பைச் சூடுகாட்டித் திருப்பி, குனிந்து நிமிரச் சொல்லி, அது நழுவவில்லை என்று தெரிந்தபிறகுதான் மார்க்கர் பேனாவை எடுத்தார். எனக்கு நேர் எதிரே அதே உயரத்தில் உட்கார்ந்து, "தம்பி, என் இடது கண்ணை மட்டும் பாருங்க" என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு, என் கண்மணி எங்கே விழுகிறதோ அங்கே டம்மி லென்ஸில் புள்ளி வைத்தார். மூக்கின் நடுவிலிருந்து கண்மணி வரை உள்ள தூரத்தை இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக மில்லிமீட்டரில் அளந்தார். வலது 31, இடது 32.5. மாலில் கருவியை நெற்றியில் வைத்து 63 என்று ஒரே எண்ணை எழுதிக்கொண்டதோடு சரி, பிரேமில் கண்மணி நிற்கும் உயரத்தை அளக்கவே இல்லை. அந்தப் புள்ளி இரண்டு மில்லிமீட்டர் மேலே கீழே போனால் 42,000 ரூபாய் லென்ஸும் கழுத்தைத் தூக்கித் தூக்கித்தான் படிக்க வைக்கும்.

1.74 லென்ஸ் வேண்டுமா என்று கேட்டேன். இது ஒளிவிலகல் எண், இது கூடினால் அதே பவருக்கு லென்ஸ் மெலிசாகும். "உங்க மைனஸ் மூன்றரைக்கு அது எதுக்கு? 1.60 போதும். 1.74 மெலிசாகும், ஆனா கலர் பிரியும்" என்றார். சரியாகத்தான் சொன்னார். லென்ஸ் நிறங்களைப் பிரிக்காமல் இருப்பதற்கு ஆபே எண் என்று ஓர் அளவு உண்டு. சாதாரண பிளாஸ்டிக்குக்கு 58, நல்ல 1.60-க்கு 40 பக்கம், 1.67-க்கும் 1.74-க்கும் 32, 33. மைனஸ் ஆறு, ஏழு உள்ளவர்கள் சோடாபுட்டிக்குப் பயந்து அந்தக் காசைக் கொடுப்பதில் நியாயம் உண்டு.

வெயிலில் கறுக்கும் லென்ஸையும் வேண்டாம் என்றேன். அது புறஊதாக் கதிரில் கறுப்பது. கார்க் கண்ணாடி அந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும், அதனால் வண்டி ஓட்டும்போது உதவாது. சூட்டில் சரியாகக் கறுக்காது என்பது இன்னொன்று: டொராண்டோ பனியில் கூலிங் கிளாஸாகிவிடும் லென்ஸ், சென்னை ஏப்ரலில் அரைகுறையாக நிற்கும்.

கோட்டிங்கில் மட்டும் கஞ்சத்தனம் செய்யவில்லை. பிரதிபலிப்பைத் தடுக்கும் கோட்டிங் இல்லாவிட்டால் சாதாரண பிளாஸ்டிக்கிலேயே சுமார் 8 சதவீத வெளிச்சம் வீணாகும், மெல்லிய லென்ஸில் அதைவிட அதிகம். இரவில் எதிர் வண்டி ஹெட்லைட் கண்ணைப் பறிப்பதும் இதனால் கூடும். இதே கோட்டிங் வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்தால் பாளம் பாளமாக வெடித்துவிடும். டேஷ்போர்டில் வைக்காதீர்கள்.

கடைசியில் பெரிய கம்பெனி ஒன்றின் நடுத்தர புரோக்ரெசிவ், 1.60, நல்ல கோட்டிங், லென்ஸ் மட்டும் 15,500. அதோடு கம்ப்யூட்டர் தூரத்துக்கென்றே ஒரே பவர் கொண்ட ஒரு சிங்கிள் விஷன் கண்ணாடி, பிரேமோடு 3,000. நாள் முழுக்கத் திரை பார்ப்பவர்களுக்கு இந்த இரண்டாவது கண்ணாடிதான் பெரிய லாபம், எந்த பிரீமியம் லென்ஸும் இதற்கு ஈடில்லை. கூட வந்த அம்மாவுக்கு, அவர் கேட்டபடி, பழைய மாதிரியே, வாசிக்கும் பகுதி கீழே கோடு போட்டுத் தனியாகத் தெரியும் டி பைஃபோகல். "பழகின கோடு இருந்தாத்தான் எங்கே பார்க்கணும்னு தெரியுது" என்கிறார். படியிறங்கும்போது மட்டும் கழற்றிவிடுங்கள் என்றார் பெரியவர்.

கண்ணாடி கைக்கு வந்ததும் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். புரோக்ரெசிவ் லென்ஸை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், 34 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு மிகச் சிறிய குறிகள் நிழல்போலத் தெரியும். காதுப் பக்கக் குறிக்குக் கீழே கூடுதல் பவர், என்னுடையதில் 20 என்று. மூக்குப் பக்கம் கம்பெனியின் அடையாளம். பில்லில் எழுதியதும் லென்ஸில் இருப்பதும் ஒன்றா என்று அங்கேயே தெரிந்துவிடும். எனக்குச் சரியாக இருந்தது. முதல் சில நாள் திருமயிலை ஸ்டேஷன் படிகள் கொஞ்சம் மிதந்தன, அப்புறம் சரியாகிவிட்டது.

கூடுதல் பவர் 2.50 ஆகும்போது அந்த மேல்விலை லென்ஸைப் பற்றி யோசிப்பேன். அப்போதும் புள்ளி வைக்க அந்தப் பெரியவரிடம்தான் போவேன்.